மணி நின்ற பிறகு: பாயின்டிங் நாயுடன் கிரவுஸ், வுட்காக் வேட்டை – முழுமையான வழிகாட்டி

இந்த வேட்டையில் நாய் செய்யும் தவறுகள் குறைவு. அதன் பின்னால் துப்பாக்கியோடு போகிறவர் செய்யும் தவறுகள்தான் அதிகம். மிச்சிகனின் வடக்குக் காடுகளில் ஏழு சீசன்கள் ஓர் இங்கிலீஷ் செட்டர் நாயுடன் அலைந்த பிறகு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். நாயைப் பழக்குவதைப் பற்றிச் சொல்லித்தர ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நாய் பறவையைக் கண்டுபிடித்து நின்ற பிறகு மனிதன் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில்தான் புதியவர்கள் கோட்டை விடுகிறார்கள். நானும் விட்டேன். அதனால் அந்தப் பகுதியை விரிவாகவும் மற்றதைத் தேவையான அளவுக்கும் சொல்கிறேன்.

முதலிலேயே ஒன்று. இது மிச்சிகன், விஸ்கான்சின், மினசோட்டா மாதிரியான அமெரிக்க மாநிலங்களை மனதில் வைத்து எழுதியது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையாடுவது குற்றம். அங்கே இதை முயன்று பார்க்கவே கூடாது.

இரண்டு பறவைகள், இரண்டு குணங்கள்

ரஃப்ட் கிரவுஸ் கோழிக் குடும்பத்துப் பறவை. எடை அரைக் கிலோவிலிருந்து எழுநூறு கிராம் வரை. ஒரே காட்டில் வருடம் முழுக்க இருக்கும், இடம் பெயராது. செம்பழுப்பு, சாம்பல் என இரண்டு நிறங்களில் உண்டு. விரித்தால் விசிறி மாதிரி விரியும் வாலின் ஓரத்தில் கறுப்புப் பட்டை இருக்கும். வசந்தத்தில் ஆண் பறவை விழுந்து கிடக்கும் மரத்தின் மேல் ஏறி நின்று இறக்கையை அடிக்கும். பழைய மோட்டார் பம்பு திணறித் திணறிக் கிளம்புவது போல இருக்கும் அந்தச் சத்தம். குளிர்காலத்தில் விரல்களின் ஓரத்தில் சீப்புப் பல் போன்ற முளைகள் வளரும், பனியில் நடக்க அது உதவுகிறது. இரவில் மெத்தென்ற பனிக்குள் பாய்ந்து புதைந்து தூங்கும். நமக்கு முக்கியமானது அதன் குணம்: ஆபத்து என்றால் முதலில் நடந்து நழுவப் பார்க்கும். வழியில்லை என்றால் வெடித்தது போல எழும்பும். எழும்பிய நொடியிலேயே உங்களுக்கும் தனக்கும் நடுவில் ஒரு மரத்தைக் கொண்டுவந்துவிடும்.

வுட்காக் உள்ளான் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆனால் ஏரிக்கரையில் இருக்காது, காட்டில் இருக்கும். இருநூறு கிராம் சொச்சம்தான். பெண் பறவை ஆணைவிடப் பெரியது. ஏழு சென்டிமீட்டர் வரை நீளமான அலகை ஈர மண்ணில் குத்தி மண்புழு எடுக்கும். மேல் அலகின் நுனியை மட்டும் மண்ணுக்குள்ளேயே திறக்க அதற்கு முடியும். கண்கள் தலையில் மிகவும் பின்னுக்குத் தள்ளி இருப்பதால் அலகு மண்ணில் இருக்கும்போதே பின்னால் வருவதையும் பார்க்கும். மண் உறையத் தொடங்கினால் தெற்கே கிளம்பிவிடும், லூசியானா போன்ற இடங்களில் குளிர்காலத்தைக் கழிக்கும். தன் நிறத்தை நம்பி அசையாமல் உட்கார்ந்திருப்பது இதன் குணம். இளம் நாய்க்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. கிரவுஸ் நாயை ஏமாற்றும், வுட்காக் பொறுமையாகக் காத்திருந்து பாடம் எடுக்கும்.

காகித வேலை

சலிப்பான பகுதிதான், ஆனால் இதைத் தாண்டாமல் காட்டுக்குள் போக முடியாது. மிச்சிகனில் 1960 ஜனவரி 1ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். அடிப்படை உரிமத்தில் சிறு விலங்கு, பறவை வேட்டையும் அடங்கிவிடும். வுட்காக்குக்குத் தனியாக ஒரு முத்திரை வேண்டும், அது இலவசம். வுட்காக் வலசைப் பறவை என்பதால் கூட்டாட்சி விதிகளும் சேர்ந்துகொள்கின்றன: ஒரு நாளைக்கு மூன்று பறவைக்கு மேல் கூடாது, ரிப்பீட்டர் (ஒருமுறை நிரப்பிப் பல தடவை சுடும்) துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் போகாதபடி அடைப்பு இருக்க வேண்டும், வீடு சேரும் வரை பறவையின் தலையோ இறகு பிடுங்காத ஓர் இறக்கையோ உடலோடு இருக்க வேண்டும். கிரவுஸுக்கு மாநில விதி மட்டுமே. வடக்கு மிச்சிகனில் நாளுக்கு ஐந்து என்பது நெடுநாளைய வரம்பு. கிரவுஸ் சீசன் செப்டம்பர் 15இல் தொடங்கும், நவம்பர் 14இல் நிற்கும், டிசம்பரில் மறுபடி திறக்கும். நடுவில் ஏன் இடைவெளி என்றால், நவம்பர் 15 முதல் 30 வரை துப்பாக்கி மான் வேட்டை. அந்த நாட்களில் காட்டுக்குள் ஒரு வெள்ளை நாயை ஓடவிட எனக்கும் மனம் வராது. தேதியும் வரம்பும் மாறக்கூடியவை என்பதால் அந்த வருடத்துக் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று: எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. அப்படியென்றால் உரிமம் காலாவதியாகும் தேதி உங்களுக்கு வெறும் தேதி அல்ல. நண்பரின் துப்பாக்கியைக் 'கொஞ்சம் பிடி' என்று வாங்கிப் பிடிப்பதற்கு முன்னால்கூட இதை யோசியுங்கள்.

நாய்: பழக்கியது என்றால் என்ன பொருள்

நமக்குத் தெரிந்த சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்துத் துரத்திப் பிடிப்பவை. இது நேர் எதிர். பாயின்டிங் நாய் மூக்கால் பறவையைக் கண்டுபிடிக்கும், பிடிக்காது, கலைக்காது, கற்சிலை போல நின்று இடத்தைக் காட்டும். நாம் போய்ப் பறவையை எழுப்பும் வரை நிற்க வேண்டும். இங்கிலீஷ் செட்டர், பாயின்டர், ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு, பிரிட்டனி என்று இனங்கள் பல. எது சிறந்தது என்ற சண்டைக்கு முடிவே இல்லை, நான் அதில் இறங்கவும் போவதில்லை. நீங்கள் தங்கும் வீட்டில், உங்கள் குடும்பத்தோடு மீதிப் பத்து மாதம் ஒத்துப்போகும் இனத்தை எடுங்கள். வேட்டையாடும் பெற்றோருக்குப் பிறந்த குட்டியாக இருக்கட்டும். நிற்கும் குணம் பிறப்பில் வருவது. நாம் சொல்லித்தருவது, நின்ற இடத்தில் தொடர்ந்து நிற்பதை மட்டும்தான்.

காட்டுக்கு வரும் நாய்க்குக் குறைந்தது நான்கு விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்: கூப்பிட்டால் வருவது, 'வோ' என்றால் அந்த இடத்திலேயே நிற்பது, பறவை எழும்பினாலும் துரத்தாமல் இருப்பது, துப்பாக்கிச் சத்தத்துக்கு அஞ்சாமல் இருப்பது.

கடைசியிலிருந்து வருகிறேன். சத்தத்துக்குப் பயப்படும் நாய் பெரும்பாலும் மனிதர்கள் அவசரப்பட்டு உண்டாக்கியது. குட்டியைக் கூட்டிக்கொண்டு துப்பாக்கி சுடும் மைதானத்துக்குப் போய் 'பழகட்டும்' என்று கட்டிவைக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். குட்டி ஒரு புறாவைத் துரத்திக்கொண்டு தன்னை மறந்து ஓடும்போது, தொலைவில் ஒருவர் வெற்றுத்தோட்டா ஒன்று சுடட்டும். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றால் சரி. நாட்கள் போகப் போக கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வரலாம். காது தாழ்ந்தாலோ, உங்கள் காலடிக்கு வந்தாலோ அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், அடுத்த முறை இன்னும் தள்ளிப் போங்கள்.

'வோ' வீட்டு முற்றத்தில் தொடங்கும். நீளக் கயிற்றில் நடத்தி, நிறுத்தி, சொல்லி, நின்றால் தட்டிக்கொடுத்து, நகர்ந்தால் பேசாமல் தூக்கி அதே இடத்தில் வைத்து. ஒரே சொல், ஒரே முறை. 'வோ வோ வோ வோ' என்று நான்கு தடவை சொன்னால் நாய் கற்றுக்கொள்வது, நான்காவது தடவைக்குத்தான் நிற்க வேண்டும் என்பதை.

அடுத்து புறா. ரிமோட்டில் திறக்கும் கூண்டுப் பெட்டியில் புறாவை வைத்து, காற்று நாயை நோக்கி வீசும்படி நாயைக் கொண்டு வாருங்கள். மணம் பட்டதும் நின்றால் நல்லது. ஓர் அடி முன்னே வைத்தாலும் பெட்டியைத் திறந்து புறாவைப் பறக்கவிடுங்கள். திட்டும் அடியும் வேண்டாம். நெருங்கினால் பறவை போய்விடும் என்பதைப் பறவையே சொல்லித்தரும். நாம் சொன்னால் நாய் கேட்கும், பறவை சொன்னால் நம்பும். வீட்டுக்குத் திரும்பிவிடும் வளர்ப்புப் புறாக்களாக இருந்தால் ஒரே பறவையை மறுபடி மறுபடி பயன்படுத்தலாம்.

அப்புறம் காட்டுப் பறவைகள். புறா எத்தனை காட்டினாலும் ஓடும் கிரவுஸை அதற்குச் சொல்லித்தர முடியாது. ஆனால் பறவைகள் கூடு கட்டும் காலத்தில் போகக்கூடாது. மிச்சிகனில் ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஜூலை முதல் வாரம் வரை காட்டுப் பறவைகள் மேல் நாயைப் பழக்கத் தடை இருக்கிறது. தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால், 1969இல் தொடங்கிய நாவ்டா என்ற பல்திறன் வேட்டை நாய்ச் சங்கத்தின் உள்ளூர்க் கிளை எதிலாவது சேருங்கள். இளம் நாய்களின் இயல்பான திறமையைப் பார்க்கும் தேர்வு ஒன்றை அவர்கள் நடத்துகிறார்கள். தேர்வைவிட அங்கே வரும் பழைய ஆட்களோடு நிற்பதுதான் லாபம்.

என் தவறைச் சொல்லிவிடுகிறேன். என் செட்டர் மின்னிக்கு அது முதல் அக்டோபர். அவள் கழுத்து மணி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது, அதாவது அவள் நிற்கவே இல்லை, நேராகப் போய் ஒரு கிரவுஸைக் கலைத்துவிட்டாள். அது என் தலைக்கு மேலேயே வந்தது. சுட்டேன், விழுந்தது. அன்றைக்கு எனக்கு ஒரு பறவை கிடைத்தது, மின்னிக்கு ஒரு கெட்ட பழக்கம் கிடைத்தது. நிற்காமல் ஓடினாலும் வாயில் பறவை வரும் என்று அவள் புரிந்துகொண்டாள். அந்த சீசன் முழுக்க வீட்டிலேயே துப்பாக்கியை வைத்துவிட்டு வெற்றுத்தோட்டாத் துப்பாக்கி மட்டும் எடுத்துப் போய்த்தான் அதைச் சரிசெய்ய முடிந்தது. இளம் நாயின் முதல் இரண்டு சீசனில் நாய் நின்று காட்டிய பறவையை மட்டும் சுடுங்கள். வேறு எதையும் சுடாதீர்கள், அது எவ்வளவு லேசாக இருந்தாலும்.

மணியும் காலரும்

அடர்ந்த காட்டில் நாற்பது மீட்டருக்கு அப்பால் நாயைப் பார்க்க முடியாது. ஆகவே கழுத்தில் மணி. ஒலிக்கும்வரை நாய் தேடுகிறது, நின்றால் பறவை. இப்போது கார்மின் போன்ற ஜிபிஎஸ் காலர்கள் நாய் நின்ற இடத்தையும் தூரத்தையும் கையிலுள்ள கருவியில் காட்டிவிடுகின்றன. இரண்டையும் நான் சேர்த்தே போடுகிறேன். நாய் தொலையாமல் இருக்க ஜிபிஎஸ். என் கண் திரையில் இல்லாமல் காட்டில் இருக்க மணி.

துப்பாக்கி லேசானதாக இருக்கட்டும். நாள் முழுக்கக் கையில் தூக்கி நடப்பதற்கும், ஒரு நொடியில் தோளுக்கு ஏற்றுவதற்கும் மூன்று கிலோவுக்குள் இருப்பது வசதி. 20 போர் (போர் என்பது குழலின் அகல அளவு) இரட்டைக்குழல் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும், 12 போரும் 28 போரும் தாராளமாகப் போதும். பெரும்பாலான சூடுகள் இருபத்தைந்து மீட்டருக்குள்தான் என்பதால் குழல் வாய் திறந்த சோக்காக (குழல் முனையில் ஒடுக்கம் குறைவாக) இருக்க வேண்டும். இலைகள் இருக்கும் காலத்தில் 7½ அல்லது 8 எண் ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள்), இலை உதிர்ந்த பிறகு 7 அல்லது 6. சில கூட்டாட்சி வனவிலங்குச் சரணாலயங்களில் ஈய ரவைக்குத் தடை, முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

உடையில் இரண்டு விஷயத்தில் சமரசம் வேண்டாம்: ஆரஞ்சு நிறத் தொப்பியும் மேலாடையும் (இவற்றில் ஒன்றாவது மிச்சிகனில் சட்டப்படி கட்டாயம்) ஒன்று, கண்ணுக்குக் கண்ணாடி இன்னொன்று. கிளை கண்ணில் அடிப்பது இந்த வேட்டையில் மிகச் சாதாரணமான விபத்து. முட்புதர் கிழிக்காத தடித்த கால்சட்டை, நீர் புகாத பூட்ஸ் அதற்கு அடுத்து.

காட்டைப் படிப்பது

பெரிய மரங்கள் நிற்கும் அழகான காட்டில் இந்தப் பறவைகள் இருக்காது. புகைப்படம் எடுக்கத் தோன்றும் காடு என்றால் கடந்து போங்கள். மொத்தமாக வெட்டப்பட்டு மறுபடி தழைத்த ஆஸ்பென் காடுதான் வேண்டும், ஏறக்குறைய எட்டிலிருந்து இருபது வயதுக்குள். வயதை எப்படித் தெரிந்துகொள்வது? தண்டு மணிக்கட்டுப் பருமனில் தொடங்கி முழங்கைப் பருமனுக்குள் இருந்தால் சரி. மேலே நெருக்கமாக இருப்பதால் பருந்தால் பாய முடியாது, கீழே தரை திறந்து இருப்பதால் பறவை நடக்க முடியும். இதுதான் சூட்சுமம்.

ஆனால் ஒரே மாதிரிக் காட்டின் நடுவில் நேரத்தை வீணாக்காதீர்கள். ஓரங்களைத் தேடுங்கள். ஆஸ்பென் முடிந்து ஆல்டர் புதர்கள் நிற்கும் சேறு தொடங்கும் இடம், பழைய மரம் வெட்டிய பாதையில் க்ளோவர் செடி முளைத்திருக்கும் இரண்டு பக்கம், கைவிடப்பட்ட பண்ணையின் ஆப்பிள் மரங்கள், சாம்பல் டாக்வுட், ஹாதார்ன் புதர்கள். செப்டம்பரில் கிரவுஸ் பழங்களிலும் பச்சையிலும் இருக்கும். நவம்பர், டிசம்பரில் ஊசியிலை மரங்களின் கிட்டே ஒதுங்கி ஆஸ்பென் மொட்டுகளைத் தின்னும். வுட்காக்குக்கு ஒரு சோதனை போதும்: பூட்ஸ் முனையைத் தரையில் அழுத்துங்கள், மண் பொருக்கென்று உடையாமல் மெத்தென்று அமுங்கினால் அங்கே மண்புழு இருக்கும். இலைகளின் மேல் சுண்ணாம்பு சிந்தியது போல வெள்ளைத் திட்டுகள் கண்ணில் பட்டால் பறவை அங்கே இருந்திருக்கிறது. அக்டோபர் நடுவில் வடக்கிலிருந்து குளிர்காற்று வந்த மறுநாள் நேற்றுக் காலியாக இருந்த ஆல்டர் காட்டில் திடீரென்று பத்துப் பறவை இருக்கும்.

மிச்சிகனில் மாநிலக் காடு மட்டும் நாற்பது லட்சம் ஏக்கருக்குக் கிட்ட இருக்கிறது. அதில் ஜெம்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் கிரவுஸ் மேம்பாட்டு இடங்களில் நடைபாதைகளோடு வெவ்வேறு வயது ஆஸ்பென் திட்டுகளை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். புதியவர்களுக்குத் தொடங்க நல்ல இடம், கூட்டமும் அதற்கேற்ற மாதிரி. மீ-ஹன்ட் என்ற மாநில வரைபடத் தளத்தில் எந்தத் திட்டில் என்ன மரம் என்று பார்க்கலாம். அங்கே மூன்று திட்டுகளைக் குறித்துக்கொண்டு போய், ஆள் அதிகம் வராத நான்காவது ஒன்றைக் கால்நடையாகக் கண்டுபிடிப்பதுதான் என் வழக்கம்.

அன்றைய தொடக்கம்

முடிந்தவரை காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு நடங்கள். நாய்க்கு மணம் அப்படித்தான் வரும். லேசான ஈரம், குளிர்ந்த காலை, மெல்லிய காற்று என்றால் நாய் தொலைவிலேயே பிடித்துவிடும். வெயிலில் காய்ந்த சருகும் அசையாத காற்றும் என்றால் பறவையின் மேல் மிதித்துவிடும் அளவுக்கு வந்த பிறகுதான் தெரியும், அப்போது நாயைக் குறை சொல்லாதீர்கள். இளம் நாய் நம்மிடமிருந்து முப்பது, நாற்பது மீட்டருக்குள் இருக்கட்டும், பழகிய நாய் எண்பது வரை போகலாம். கொஞ்சம் தூரம் போகிற நாயை நான் தடுப்பதில்லை, நிற்கும் என்று தெரிந்தால் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. வாயைத் திறக்காதீர்கள். நாயோடு ஓயாமல் பேசிக்கொண்டு போகிறவரைவிட கிரவுஸுக்கு நல்ல காவல்காரர் கிடையாது.

மணி நின்றது

இப்போதுதான் நமது வேலை தொடங்குகிறது. ஐந்து எண்ணுங்கள். நாய் சிறுநீர் கழிக்க நின்றிருக்கலாம், கொடியில் சிக்கியிருக்கலாம். ஐந்துக்கும் மணி வரவில்லையென்றால் நின்றுவிட்டது. திசையை மனதில் பதித்துக்கொண்டு போங்கள். 'நில்லு, நல்ல பெண், வந்துட்டேன்' என்று கத்த வேண்டாம். அது நின்றுதான் இருக்கிறது, நம்முடைய பதற்றத்தைப் பறவைக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நாய் கண்ணில் பட்டதும் ஒரு நொடி அதைப் படியுங்கள். உடல் விறைத்து, வால் அசையாமல், மூக்கு தாழ்ந்து நேராக ஓரிடத்தைப் பார்த்தால் பறவை மிகக் கிட்டே. தலை தூக்கி மூக்கு காற்றில் இருந்தால் தள்ளி இருக்கிறது. வால் லேசாக ஆடினால் நாய்க்கே சந்தேகம், பறவை நடந்துகொண்டிருக்கலாம். என்ன காட்டுகிறதோ அதை நம்புங்கள். 'அங்கே எப்படி இருக்கும், வெறும் வெட்டவெளி' என்று மனம் சொல்லும். என் முதல் மூன்று சீசனில் நான் தவறவிட்ட பறவைகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு நினைப்பினால்தான்.

நாயின் பின்னாலிருந்து போகாதீர்கள். அப்படிப் போனால் நாய்க்கும் பதற்றம், பறவையும் முன்பக்கம் ஓடிவிடும். பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி வளைத்து, முன்பக்கமாக வாருங்கள். இப்போது கிரவுஸ் நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் சிக்கியிருக்கிறது. நடந்து நழுவ வழியில்லை என்று தெரிந்தால்தான் அது எழும்பும்.

அப்படி வளைத்து வரும்போதே இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். பறவை எந்தப் பக்கம் தப்பிக்க விரும்பும்? பெரும்பாலும் ஊசியிலை மரக்கூட்டம், சரிவு, மிக அடர்ந்த புதர் எங்கே இருக்கிறதோ அங்கே. எந்த இடத்திலிருந்து எனக்குக் குழலைச் சுழற்ற இடம் இருக்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் முக்கால் வேலை முடிந்தது. ஆஸ்பென் நெரிசலுக்கு உள்ளே போய் எழுப்புவதைவிட ஒரு சிறிய வெளியின் ஓரத்தைப் பிடித்து நிற்கலாம், கூட வருபவர் உள்ளே போகட்டும். இருவர் போனால் ஆளுக்கொரு பக்கம், ஒருவரை ஒருவர் பார்க்க முடியவில்லை என்றால் 'இங்கே' என்று ஒரே குரல் கொடுத்துவிட்டு அமைதியாகிவிட வேண்டும்.

முன்னேறும்போது நிற்காதீர்கள். நடக்கிற மனிதனைக் கிரவுஸ் பொறுத்துக்கொள்ளும், நின்றுவிட்ட மனிதனைப் பொறுக்காது. நாம் நின்றவுடன் 'பார்த்துவிட்டான்' என்று நினைக்கும் போல, கிளம்பிவிடும். ஒரு காலைக் கட்டையின் மேல் வைத்துக்கொண்டு, ஒரு கையால் கிளையை ஒதுக்கிக்கொண்டு இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் அது எழும்பும் என்பதை அனுபவத்தில் கண்டுகொள்வீர்கள். நிற்க வேண்டி வந்தால் இடது கால் முன்னால் (வலது கை ஆட்களுக்கு), இரு கையும் துப்பாக்கியில், சுற்றிலும் கொஞ்சம் இடம் இருக்கும்படி நில்லுங்கள். குழல் மேலே பார்த்தபடி, சேஃப்டி (விசையைத் தடுக்கும் பூட்டு) போட்டபடி, விரல் விசைக்கு வெளியே. தோளுக்கு ஏறும்போதுதான் சேஃப்டி விலக வேண்டும், அதற்கு முன்னால் அல்ல. கட்டையைத் தாண்டும்போதும் ஓடையைக் கடக்கும்போதும் தோட்டாவை எடுத்துவிடுங்கள். அப்படிச் செய்ததால் ஒரு பறவை தப்பித்தால் போகட்டும்.

கண் தரையில் இருக்கக்கூடாது. தரையில் பறவையைத் தேடினால் தெரியாது, அது எழும்பும்போது அதையும் தவறவிடுவீர்கள். இடுப்பு உயரத்துக்கு மேலே, பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளிப் பார்த்தபடி நடங்கள். அசைவு தானாகக் கண்ணில் விழும்.

நாயைத் தாண்டிப் போயும் ஒன்றும் எழும்பவில்லையா? இருபது மீட்டர் வரை முன்னே போய்ப் பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் பறவை ஓடிவிட்டது. திரும்பி வந்து நாயின் தலையைத் தொட்டு முன்னே விடுங்கள், அது மணத்தைத் தொடர்ந்து போய் மறுபடி நிற்கும். ஒரே கிரவுஸை நான்கு தடவை நின்று, நான்கு தடவை நகர்ந்து, ஐந்தாவதில் எழுப்பியதுண்டு. வுட்காக் என்றால் பெரும்பாலும் இந்தப் பாடு இருக்காது, உங்கள் பூட்ஸுக்கு ஒரு கை தள்ளியே இருக்கும்.

எழும்பிய பிறகு

வுட்காக் செங்குத்தாக எழும்பும். தண்டுகளுக்கு நடுவில் முறுக்கி முறுக்கி ஏறி, உச்சியில் ஒரு கணம் தயங்கி, பிறகு நேராகப் பறக்கும். அந்த உச்சித் தயக்கத்துக்காகக் காத்திருங்கள். அவசரப்பட்டவர்கள்தான் தவறவிடுகிறார்கள். கிரவுஸுக்குக் காத்திருப்பு கிடையாது. சத்தம் கேட்டதும் குழல் மேலே போக வேண்டும், கண் பறவையை விடக்கூடாது, மரம் குறுக்கே வந்தாலும் குழலை நிறுத்தாமல் சுழற்ற வேண்டும். ரவையில் பாதியை மரம் வாங்கிக்கொள்ளும். நான்கு தடவையில் ஒன்று விழுந்தால் அது நல்ல நாள்தான்.

இதில் மாறாத விதி ஒன்று: பறவைக்குப் பின்னால் வானம் தெரிந்தால் மட்டுமே சுட வேண்டும். தாழப் பறக்கும் பறவை எவ்வளவு கிட்டே இருந்தாலும் விட்டுவிடுங்கள். நாயும் நண்பரும் அந்த உயரத்தில்தான் இருக்கிறார்கள்.

சுட்டதும் ஓடாதீர்கள். நின்ற இடத்திலேயே தோட்டாவை மாற்றுங்கள். சீசன் தொடக்கத்தில் கிரவுஸ் குடும்பமாக இருக்கும், முதல் பறவைக்குப் பின் இரண்டாவது, மூன்றாவது எழும்புவது உண்டு. காலியான துப்பாக்கியோடு அதைப் பார்த்து நிற்பது போல் எரிச்சல் வேறில்லை. விழுந்த இடத்தை ஒரு குறிப்பிட்ட மரத்தோடு சேர்த்து மனதில் வைத்து, நின்ற இடத்தில் தொப்பியைக் கிளையில் மாட்டிவிட்டுப் போங்கள். நாயைக் காற்றுக்கு எதிராகக் கொண்டுவந்து தேடச் சொல்லுங்கள். இறக்கை மட்டும் ஒடிந்த கிரவுஸ் நூறு மீட்டர் கூட ஓடும், நாய் இல்லாமல் அது கிடைக்காது. சில நாய்கள் வுட்காக்கை வாயில் எடுக்க மறுக்கும். மின்னியும் அதன் பக்கத்தில் நின்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். காட்டினாலே போதும் என்று விட்டுவிட்டேன்.

தவறவிட்டால் எங்கே போனது என்று கவனியுங்கள். கிரவுஸ் வழக்கமாக நூறு, இருநூறு மீட்டருக்குள் எங்காவது இறங்கும், கடைசியில் ஒரு வளைவு எடுக்கும். ஒரு தடவை தொடர்ந்து போகலாம். இரண்டு தடவைக்கு மேல் அதே பறவையை விரட்டுவதை நான் செய்வதில்லை.

நாய்க்கு வரும் ஆபத்துகள்

முதல் எதிரி வெயில். செப்டம்பரில் இருபது டிகிரியைத் தாண்டினால் அதிகாலையோடு நிறுத்திவிடுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீர் கொடுங்கள். ஈறு கறுஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினால் உடனே நிழல், வயிற்றிலும் தொடையிலும் தண்ணீர், அப்புறம் மருத்துவர்.

இரண்டாவது முள்ளம்பன்றி. வட அமெரிக்க முள்ளம்பன்றியின் முள்ளுக்குப் பின்னோக்கிய கொக்கிகள் உண்டு, விட்டால் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஐந்தாறு முள் என்றால் ஒருவர் நாயைப் பிடிக்க, தோலுக்கு ஒட்டிய இடத்தில் இடுக்கியால் பிடித்து நேராக இழுக்க வேண்டும். முள்ளை வெட்டாதீர்கள். வாய்க்குள், கண்ணருகில், மார்பில் இருந்தாலோ, நிறைய இருந்தாலோ மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டும்.

பொறி வைப்பவர்கள் காட்டில் வைக்கும், உடலை நசுக்கும் வகைப் பொறிகளில் நாய் சிக்கலாம், அவற்றை வீட்டிலேயே திறந்து பழகுங்கள், பையில் கம்பி வெட்டும் கருவி ஒன்று இருக்கட்டும். காட்டில் நிமிடங்கள்தான் கிடைக்கும். மாலையில் உடல் முழுக்க உண்ணி பார்ப்பதும், கண்களை உப்புநீரால் கழுவி விதை, சருகுத்தூளை எடுப்பதும் தினமும் செய்ய வேண்டியவை. வாரக்கணக்கில் இருமலும் எடைக் குறைவும் இருந்தால், இந்தப் பேரேரிகள் பகுதியில் ஈர மண்ணிலிருந்து வரும் பிளாஸ்டோமைக்கோசிஸ் என்ற பூஞ்சை நோயை மருத்துவரிடம் நீங்களே நினைவுபடுத்துங்கள். மிச்சிகனின் வடபாதியான மேல் தீபகற்பத்தில் புதிய ஓநாய்த் தடம் பார்த்தால் அன்றைக்கு வேறு காடு பாருங்கள்.

பறவையைக் கொண்டுவருதல்

சூடான நாளில் உள்ளுறுப்புகளைக் காட்டிலேயே எடுத்துவிட்டு, பறவை காற்றுப்படும்படி வையுங்கள், பிளாஸ்டிக் பைக்குள் அடைக்காதீர்கள். கிரவுஸின் மார்பு வெள்ளை இறைச்சி, சீக்கிரம் காய்ந்துவிடும், ஆகவே வெண்ணெயில் மெதுவாக வதக்கி உட்பகுதி 74 டிகிரியை எட்டியதும் இறக்கிவிட வேண்டும். வுட்காக்கில் எல்லாம் தலைகீழ்: மார்பு கறுப்பு இறைச்சி, கால்கள் வெள்ளை. ஈரல் போன்ற சுவை, எல்லோருக்கும் பிடிக்காது.

கிரவுஸைச் சுத்தம் செய்யும்போது கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையைத் தூக்கிப் போடாதீர்கள். திறந்து ஒரு காகிதத்தில் கொட்டிப் பாருங்கள். க்ளோவர் இலையாக இருந்தால் நாளைக் காலை பழைய வண்டிப் பாதையின் ஓரம். டாக்வுட் பழமாக இருந்தால் அந்தப் புதர் இருக்கும் சரிவு. ஆஸ்பென் மொட்டு தொடங்கிவிட்டது என்றால் பெரிய மரங்கள் இருக்கும் பக்கம். கடைசியாக நான் திறந்த பையில் காட்டு ஆப்பிள் துண்டுகளும் ஒரே ஒரு பச்சை வெட்டுக்கிளியும் இருந்தன. மறுநாள் அந்தக் கைவிட்ட பண்ணைக்குப் போனோம். ஏழு மணிக்கு மணி நின்றது.